தாத்தா பெட்டியில் கிடைத்த நான்கு பழைய படங்கள்: எந்த ஊர் என்று கண்டுபிடிக்க உதவுங்கள்

மாயவரத்துப் பேத்தி:

எல்லோருக்கும் வணக்கம். போன மாதம் மாயவரத்தில் தாத்தா வீட்டை ஒழித்தபோது பரணில் ஒரு தகரப்பெட்டி கிடைத்தது, அதற்குள் ஒரு ஆல்பம். கறுப்பு அட்டை, நடுநடுவே பட்டர் பேப்பர், படங்களின் நான்கு மூலையையும் செருகி வைக்கிற அந்தச் சின்ன முக்கோணக் காகிதங்கள், எல்லாம் அப்படியே இருக்கின்றன. பெரும்பாலானவை கல்யாணம், காதுகுத்து என்று ஸ்டுடியோக்காரர் வந்து எடுத்த படங்கள்தான். ஆனால் கடைசி இரண்டு பக்கத்தில் வெளியூரில் எடுத்த நான்கு படங்கள் இருக்கின்றன. அவை எந்த இடம் என்று வீட்டில் யாருக்கும் உறுதியாகத் தெரியவில்லை.

தாத்தா 1978இல் காலமாகிவிட்டார். நான் அவரைப் பார்த்ததே இல்லை. ரயில்வேயில் வேலை பார்த்தார் என்பது மட்டும் தெரியும். எங்கே, என்ன வேலை என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

முதல் படம்: ஒரு பெரிய கல் வாசலுக்கு முன்னால் தாத்தா, பாட்டி, பாட்டி மடியில் குழந்தை. கோயில் வாசல் மாதிரிதான் இருக்கிறது, ஆனால் மேலே கோபுரம் இல்லை, கல்லோடு மொட்டையாக நிற்கிறது. பின்பக்கம் பெரிய அத்தை கையெழுத்தில் நீலப் பேனாவில் "மதுரை, மொட்டைக் கோபுரம்" என்று எழுதியிருக்கிறது. அத்தையும் இப்போது இல்லை.

இரண்டாவது: அகலமான ஆற்று மணல், தூரத்தில் இரும்புப் பாலம். முன்னால் தாத்தா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்கிறார்.

மூன்றாவது: ஒரு பெரிய கட்டடம், குண்டு குண்டாக நிறைய தூபிகள், முன்னால் தெருவில் டிராம் மாதிரி ஒன்று போகிறது.

நான்காவது: இருபது, இருபத்தைந்து ஆண்கள் மூன்று வரிசையாக இருக்கிற குரூப் போட்டோ. நடுவில் இருப்பவர் கழுத்தில் மாலை. பின்னால் ரம்பப் பல் மாதிரி கூரை போட்ட நீளக் கட்டடம். ஓரத்தில் ஒரு போர்டு பாதி தெரிகிறது.

முதல் படத்தைப் போனில் கூகுள் லென்ஸில், அதாவது படத்தை வைத்துத் தேடுகிற ஆப்பில், போட்டுப் பார்த்தேன், ஒரு தடவை ஹம்பி என்றது, இன்னொரு தடவை காஞ்சிபுரம் என்றது. அத்தை எழுதியிருப்பது மதுரை. ஆனால் அம்மா, "எங்க மாமனார் குடும்பத்தோட மதுரைக்குப் போனதா நான் கேள்விப்பட்டதே இல்லை" என்கிறார். மதுரைக்காரர்கள் யாராவது பார்த்துச் சொல்லுங்கள்.

வைகைக்கரை:

அத்தை எழுதியது சரிதான் என்று நினைக்கிறேன். மதுரையில் புதுமண்டபத்துக்குக் கிழக்கே ராய கோபுரம் என்று ஒன்று இருக்கிறது. திருமலை நாயக்கர் காலத்தில் தொடங்கி முடிக்காமலே விட்டது. முடித்திருந்தால் மீனாட்சி கோயிலின் மற்றக் கோபுரங்களையெல்லாம் சிறிதாக்கியிருக்கும் என்று ஊரில் சொல்வார்கள். இப்போதும் அந்தக் கல் நிலைகள் மட்டும் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கின்றன. ஒரே கல்லில் செய்த உயரமான தூண்கள், கொடிவேலைப்பாட்டோடு. சுற்றிலும் கடைகள் அடைத்துக்கொண்டிருப்பதால் வெளியூர்க்காரர்கள் கண்ணில் படாமலே போய்விடும்.

உங்கள் படத்தில் மேலே கோபுரம் இல்லாத கல் வாசல் இருக்கிறது, அத்தையும் மதுரை என்று எழுதியிருக்கிறார். வேறென்ன வேண்டும்?

உத்திர வீதி:

வைகைக்கரை சார், கொஞ்சம் பொறுங்கள். நான் ஸ்ரீரங்கத்தில் பிறந்து வளர்ந்தவன். படத்தைத் திறந்ததுமே எனக்கு மனது எங்கோ போய்விட்டது. இது எங்கள் ஊர்த் தெற்கு வாசல் என்று நினைக்கிறேன்.

இன்றைக்கு அங்கே 13 நிலை, 236 அடி உயர ராஜகோபுரம் நிற்கிறது. முப்பது நாற்பது வயதுக்காரர்கள் அது எப்போதும் அப்படியே இருந்தது என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் அதற்குக் கும்பாபிஷேகம் நடந்தது 1987 மார்ச் மாதத்தில். அஹோபில மடத்து 44ஆம் பட்டம் ஜீயர் 1979இல் ஆரம்பித்து முடித்துவைத்த வேலை அது. அதற்கு முன்னால் சுமார் 400 வருஷம் அந்த இடத்தில் இருந்தது கல் அடித்தளம் மட்டும்தான், விஜயநகர காலத்தில் தொடங்கி நின்றுபோனது. எங்கள் அப்பா, தாத்தா எல்லோரும் அதைச் சொன்ன பெயர் என்ன தெரியுமா? ராய கோபுரம். இன்னொரு பெயர் மொட்டைக் கோபுரம்!

பேத்தி, மதுரையிலும் இதே இரண்டு பெயர்களும் உண்டு என்பதுதான் இதில் உள்ள சிக்கல். வைகைக்கரை சொல்கிற ராய கோபுரம் ஒன்று. அது போக மீனாட்சி கோயிலின் வடக்குக் கோபுரத்துக்கு மொட்டைக் கோபுரம் என்று பெயர். அது ரொம்ப காலம் முடியாமல் நின்று, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நகரத்தார் ஒருவர் மேல்கட்டு கட்டி முடித்தார். முடித்த பிறகும் பழைய பெயர் போகவில்லை, இன்றும் மொட்டைக் கோபுரம்தான். உங்கள் அத்தை பிற்பாடு மதுரைப் பக்கம் வாழ்க்கைப்பட்டவரா? தாத்தா வாயால் "மொட்டைக் கோபுரத்து முன்னால் எடுத்த படம்" என்று கேட்டிருப்பார், அவருக்குத் தெரிந்த மொட்டைக் கோபுரம் மதுரையில் இருந்தது, அதனால் அப்படி எழுதியிருப்பார். இது என் ஊகம்தான், ஆனால் பழைய படங்களில் தப்பு பெரும்பாலும் இப்படிப் பெயர் வழியாகத்தான் நுழைகிறது.

ஊகத்தை விடுங்கள், படத்தையே கேட்போம். மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். வாசலுக்கு மேலே கல் கூரை மூடியிருக்கிறதா, இல்லை இரண்டு பக்கமும் தூண்கள் மட்டும் நின்று நடுவில் வானம் தெரிகிறதா? மதுரை ராய கோபுரத்துக்குக் கூரை கிடையாது, எங்கள் ஊர் அடித்தளத்துக்கு உண்டு, அதற்கு அடியில்தான் வண்டிகளும் மனிதர்களும் போய்வருவார்கள். இரண்டாவது, அந்த வாசல் வழியாக உள்ளே பார்த்தால் தூரத்தில் இன்னொரு கோபுரம் தெரிகிறதா? ஸ்ரீரங்கத்தில் தெற்குப் பக்கத்துக் கோபுரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே வரிசையில் நிற்கும். மூன்றாவது, நிழல் எந்தப் பக்கம் விழுந்திருக்கிறது?

இன்னொன்று, போனில் எடுத்த படத்தைப் போடாதீர்கள். நல்ல ஸ்கேனரில் 600 டிபிஐ வைத்து எடுத்துப் போடுங்கள். ஆல்பத்திலிருந்து பிய்க்க வேண்டாம். மூலைக் காகிதத்தில் செருகியிருப்பதால் மெல்ல நழுவி வரும், வராவிட்டால் பக்கத்தோடு ஸ்கேன் செய்யுங்கள். "தெளிவாக்கித் தருகிறோம், கலர் போட்டுத் தருகிறோம்" என்கிற ஆப்புகளில் போட்டுவிட்டு அந்தப் பிரதியை இங்கே கொண்டுவராதீர்கள். அவை முகத்தையும் எழுத்தையும் தாமாகவே கற்பனை செய்து நிரப்பிவிடுகின்றன, கடைப் பலகையில் இருந்த நிஜ எழுத்து போய்விடும். நமக்கு வேண்டியதே அந்த எழுத்துதான்.

மாயவரத்துப் பேத்தி:

ஸ்கேன் செய்துவிட்டேன், முந்தைய பதிவில் படங்களை மாற்றியிருக்கிறேன். பெரிதாக்கிப் பார்த்தபோது எனக்கே உடம்பு சிலிர்த்துவிட்டது.

கூரை இருக்கிறது. வாசலுக்குள் இருட்டாக இருக்கிறது, அந்த இருட்டுக்கு நடுவில் ஒரு குதிரை வண்டி பாதி வெளியே வந்துகொண்டிருக்கிறது, அது இத்தனை நாள் என் கண்ணில் படவே இல்லை. இருட்டுக்கு அந்தப் பக்கம் வெளிச்சத்தில் ஒரு கோபுரத்தின் கீழ்ப்பாதி மங்கலாகத் தெரிகிறது. நிழல் படத்தில் வலப்பக்கமாக விழுந்திருக்கிறது, கொஞ்சம் நீளம். வாசலின் முகப்பில் நல்ல வெயில்.

அத்தை பற்றிச் சரியாகச் சொன்னீர்கள். அவர் கல்யாணமாகிப் போனது மதுரைக்குத்தான், திருநகரில் இருந்தார்!

மடியில் இருக்கும் குழந்தை என் பெரியப்பா. அவர் பிறந்தது 1949 ஆனி மாதம். படத்தில் கழுத்து நின்று நன்றாக உட்கார்ந்திருக்கிறார், ஆனால் தலையில் முடி இல்லை.

வைகைக்கரை:

சரி, நான் அவசரப்பட்டுவிட்டேன். கூரை இருந்தால் அது எங்கள் ராய கோபுரம் இல்லை. உள்ளே கோபுரம் தெரிகிறது என்றால் சந்தேகமே வேண்டாம், எங்கள் ஊரில் அந்த இடத்திலிருந்து பார்த்தால் முதலில் புதுமண்டபம்தான் வரும். வடக்கு மொட்டைக் கோபுரமாகவும் இருக்க முடியாது, பெரியப்பா பிறப்பதற்குப் பல காலம் முன்பே அதைக் கட்டி முடித்துவிட்டார்கள். உத்திர வீதிக்கு நன்றி.

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். பின்பக்க எழுத்தைப் பார்த்தேன், அது பால்பாயிண்ட் பேனா. 1949, 50இல் நம் வீடுகளில் எழுதியது மைப் பேனாவில், இல்லாவிட்டால் பென்சிலில். அப்படியானால் அந்தக் குறிப்பு படம் எடுத்தபோது எழுதியது இல்லை, பல வருஷம் கழித்து நினைவிலிருந்து எழுதியது. முதலில் இதைக் கவனித்திருந்தால் நான் அவ்வளவு அடித்துச் சொல்லியிருக்க மாட்டேன். மற்ற மூன்று படங்களின் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்து போடுங்கள், காலியாக இருந்தாலும் போடுங்கள். சில சமயம் ஸ்டுடியோ முத்திரை மங்கலாக இருக்கும், பக்கவாட்டில் டார்ச் அடித்தால்தான் தெரியும்.

லென்ஸ் ஏன் தடுமாறியது என்பதும் இப்போது புரிகிறது. அதனிடம் இருப்பதெல்லாம் இன்றைய ஸ்ரீரங்கம், கலர் கலராகப் பெரிய கோபுரத்தோடு. இந்த மொட்டை வாசலை அதோடு எப்படிப் பொருத்திப் பார்க்கும்?

உத்திர வீதி:

மகிழ்ச்சி, பேத்தி. குதிரை வண்டியைப் பார்த்தேன், ரயிலடியிலிருந்து வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு வருவார்கள் என்று அப்பா சொல்வார்.

நிழலை எதற்குக் கேட்டேன் என்றால், வாசலின் முகம் தெற்கே பார்த்தது. நிற்பவர்கள் வாசலுக்கு வெளியே, போட்டோ எடுத்தவர் வடக்கே பார்த்து எடுத்திருக்கிறார். அப்படியானால் படத்தின் வலப்பக்கம் கிழக்கு. நிழல் கிழக்கே விழுந்தால் நேரம் பிற்பகல். அடுத்தது, நம் பக்கத்தில் சித்திரை முதல் வாரத்திலிருந்து ஆவணி முதல் வாரம் வரை உச்சி வேளைச் சூரியன் தலைக்குக் கொஞ்சம் வடக்கே சாய்ந்து போகும், தெற்கு முகத்தில் இவ்வளவு நல்ல வெயில் விழாது. முகப்பு முழுக்க வெயில் என்றால் புரட்டாசியிலிருந்து பங்குனிக்குள் ஏதோ ஒரு மாதம். ஆனியில் பிறந்த குழந்தை கழுத்து நின்று உட்கார்ந்திருக்கிறது, ஆறு ஏழு மாதம் என்று வைத்தால் மார்கழி, தை வருகிறது. மொட்டைத் தலை வேறு. முடியிறக்கிவிட்டு வந்திருப்பார்களோ? சமயபுரம் பக்கத்தில்தான் இருக்கிறது, எங்கே இறக்கினார்கள் என்பது உங்கள் வீட்டுக் குலதெய்வத்தைப் பொறுத்தது, அதை நீங்கள்தான் கேட்டுச் சொல்ல வேண்டும். 1949 கடைசி அல்லது 1950 தொடக்கம் என்று என்னால் நம்பிக்கையோடு சொல்ல முடியும்.

அந்த இடத்தில் இருந்த கல்லை இவ்வளவு கிட்டத்தில், இவ்வளவு தெளிவாக, சாதாரணக் குடும்பம் எடுத்துக்கொண்ட படமாக நான் பார்த்தது மிகக் குறைவு. வெள்ளைக்காரர்கள் எடுத்தது இருக்கிறது. 1858இல் லினேயஸ் ட்ரைப் மதுரை, தஞ்சாவூர், திருச்சி, ஸ்ரீரங்கம் என்று சுற்றிச் சுற்றி எடுத்தார், அந்தப் படங்களை இணையத்தில் எவரும் பார்க்கலாம். அவர் படங்களில் பெரும்பாலும் ஆளே இருக்க மாட்டார்கள், அந்தக் காலத்தில் ஒரு படத்துக்கு ரொம்ப நேரம் லென்ஸைத் திறந்துவைக்க வேண்டும், நடமாடுகிறவர்கள் பதிய மாட்டார்கள். கட்டடம் மட்டும் இருக்கும். உங்கள் படத்தில் வண்டி இருக்கிறது, வாசல் ஓரத்தில் பூக்கூடை வைத்துக்கொண்டு ஒரு அம்மாள் இருக்கிறார், சுவரில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. ஊர்க்காரனுக்கு இதுதான் பொக்கிஷம்.

பொன்மலைக்காரன்:

நான்காவது படத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. நான் பேசுகிறேன், எனக்கு இதைப் பார்த்ததிலிருந்து வேறு வேலை ஓடவில்லை.

பேத்தி, உங்கள் தாத்தா வேலை பார்த்தது திருச்சி பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பில் என்று நினைக்கிறேன். அந்த ரம்பப் பல் கூரை ஏன் அப்படி இருக்கிறது என்றால், ஒவ்வொரு பல்லிலும் ஒரு பக்கம் கண்ணாடி வைத்து, நேர் வெயில் அடிக்காமல் வெளிச்சம் மட்டும் உள்ளே வரச் செய்வதற்காக. பெரிய தொழிற்சாலைகளில் எல்லாம் இருக்கும், மில்களிலும் இருக்கும். அதனால் கூரையை மட்டும் வைத்து முடிவு சொல்ல மாட்டேன். அந்தப் பாதிப் போர்டைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஆங்கிலத்தில் எஸ், ஐ, அப்புறம் ஆர் எழுத்தின் முதல் கோடு. எஸ்.ஐ.ஆர். என்றால் சவுத் இந்தியன் ரயில்வே. 1951 ஏப்ரல் 14ஆம் தேதி எஸ்.ஐ.ஆர்., எம்.எஸ்.எம். என்கிற மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா ரயில்வே, மைசூர் ரயில்வே எல்லாம் சேர்ந்து தென்னக ரயில்வே ஆகிவிட்டது. போர்டை உடனே மாற்றியிருக்க மாட்டார்கள்தான், ஆனால் படம் ஏறக்குறைய அதற்கு முன்னால் என்று வைத்துக்கொள்ளலாம். முதல் படத்தில் ஸ்ரீரங்கம் 1949, 50 என்று உத்திர வீதி சொன்னதோடு இது ஒட்டிப்போகிறது.

மாயவரத்துக்காரர் எப்படிப் பொன்மலைக்கு வந்தார் என்று கேட்பீர்கள். எஸ்.ஐ.ஆர். ஒர்க்ஷாப் முதலில் இருந்தது நாகப்பட்டினத்தில். 1928இல்தான் பொன்மலைக்கு வந்தது. அப்போது நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து குடும்பம் குடும்பமாகத் தொழிலாளிகள் இங்கே வந்து குவார்ட்டர்ஸில் குடியேறினார்கள். என் தாத்தாவும் அப்படி வந்தவர்தான், நாகூர்ப் பக்கம். எங்கள் வீட்டிலும் இதே மாதிரி ஒரு குரூப் போட்டோ இருந்தது, யாரோ ரிட்டயர் ஆனபோது எடுத்தது. மாலை போட்டவர் நடுவில், பக்கத்தில் ஃபோர்மேன், கீழே தரையில் சின்னப் பையன்கள் மாதிரி அப்ரண்டிஸ்கள். வீடு மாறும்போது அதைக் கரையான் தின்றுவிட்டது. இரண்டு வரி எழுதி வைத்திருந்தால்கூடப் போதும், யார் யார் இருந்தார்கள் என்று. எழுதவில்லை.

அதனால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். இந்தப் படத்தை நல்ல பெரிய அளவில் ஸ்கேன் செய்து தனியாகப் போடுங்கள். பொன்மலையிலும் திருச்சியிலும் பழைய குவார்ட்டர்ஸ் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன, ஆர்மரி கேட் பக்கம் பெரியவர்கள் இரண்டு மூன்று பேரை எனக்குத் தெரியும், நேரில் கொண்டுபோய்க் காட்டுகிறேன். இருபத்தைந்து பேரில் ஒருவரை அடையாளம் கண்டாலும் இடமும் வருஷமும் உறுதியாகிவிடும்.

இரண்டாவது படம், இரும்புப் பாலம். அது காவிரி இல்லை, கொள்ளிடம். திருவானைக்காவல் பக்கத்தையும் நம்பர் 1 டோல்கேட்டையும் சேர்த்த பழைய பாலம், 1928இல் திறந்தது. இருபுறமும் இரும்புச் சட்டம் எழும்பி நிற்கும், அதைப் பார்த்தாலே எங்களுக்குத் தெரிந்துவிடும். ரயில் பாலமாக இருக்குமோ என்று உங்களுக்குத் தோன்றலாம், பாலத்தின் மேல் வலது ஓரத்தில் உற்றுப் பாருங்கள், கூண்டு கட்டிய மாட்டு வண்டி ஒன்று போகிறது. பக்கத்தில் புதுப் பாலம் வந்ததும் 2016இல் பழையதில் வண்டிகளை நிறுத்தினார்கள், 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் தூண்கள் சரிந்து பாலத்தின் ஒரு பகுதி ஆற்றோடு போனது. நான் அன்று கரையில் நின்று பார்த்தேன். பாலம் விழும் என்று நினைத்தே பார்த்ததில்லை. அதை உங்கள் தாத்தா பின்னால் முழுசாகப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது.

பாரீஸ் முனை:

மூன்றாவது படம் என் பேட்டை, நான் சொல்லிவிடுகிறேன். சென்னை உயர் நீதிமன்றம். 1892இல் திறந்த கட்டடம். பலர் சென்ட்ரல் ஸ்டேஷனோடும் எழும்பூர் ஸ்டேஷனோடும் குழப்பிக்கொள்வார்கள், மூன்றுமே சிவப்பு, மூன்றிலும் உயரமாக ஏதோ இருக்கும், கறுப்பு வெள்ளையில் இன்னும் குழப்பம். சென்ட்ரலுக்கு நடுவில் மணிக்கூண்டு. இதில் மணிக்கூண்டு இல்லை. எல்லாவற்றையும்விட உயரமான தூபியின் உச்சியைப் பெரிதாக்கிப் பாருங்கள், கண்ணாடிக் கூண்டு மாதிரி ஒன்று இருக்கிறதா? அது கலங்கரை விளக்கம்.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் மெட்ராஸ் கடற்கரைப் படங்களுக்கு வருஷம் போட இதைவிட நல்ல அடையாளம் இல்லை. முதல் விளக்கு 1796இல் கோட்டைக்குள், இப்போது மியூசியம் இருக்கிற கட்டடத்தின் மாடியில் இருந்தது. அப்புறம் 1844இல் தனியாக ஒரு கல் தூண் கட்டினார்கள், அது இன்றும் ஹைகோர்ட் வளாகத்துக்குள் நிற்கிறது, உள்ளே போகிற வக்கீல்கள் பலர்கூட அதை ஏதோ நினைவுத்தூண் என்று நினைத்துக் கடந்து போகிறார்கள். 1894இல் ஹைகோர்ட் தூபிக்கே விளக்கை ஏற்றிவிட்டார்கள். 1977இல் மெரினாவில் இப்போது இருக்கிற கலங்கரை விளக்கம் வந்தது. ஆக, படத்தில் விளக்கு எங்கே இருக்கிறது என்று பார்த்தாலே காலம் பாதி தெரிந்துவிடும். 1914 செப்டம்பரில் எம்டன் கப்பல் குண்டு போட்டபோது ஹைகோர்ட் மதிலிலும் ஒன்று விழுந்தது, அந்த இடத்தில் கல்வெட்டு வைத்திருக்கிறார்கள், ஒரு தடவை போய்ப் பாருங்கள்.

உங்கள் படத்தில் இன்னொரு உறுதியான சாட்சி டிராம். மெட்ராஸில் மின்சார டிராம் 1895இல் வந்தது, 1953 ஏப்ரலில் நின்றது. ஒரு நாள் ஓடியது, மறுநாள் இல்லை. வண்டியே தெரியாவிட்டாலும் தெருவுக்குக் குறுக்கே மேலே கம்பி தெரிந்தாலும், தரையில் தண்டவாளம் தெரிந்தாலும் அது ஒரு துப்பு. ஆனால் கவனம், தண்டவாளத்தை எல்லா இடத்திலும் உடனே பெயர்க்கவில்லை, அதனால் தண்டவாளம் மட்டும் இருந்தால் 1953க்கு முன் என்று அடித்துச் சொல்லக் கூடாது. உங்கள் படத்தில் வண்டியே இருப்பதால் பிரச்சினை இல்லை.

ஒரு சந்தேகம் மட்டும். படம் இடவலமாகப் புரண்டு அச்சாகியிருக்கிறதோ என்று முதலில் பயந்தேன். நெகட்டிவைத் திருப்பி வைத்து பிரிண்ட் போட்டுவிட்டால் அப்படி ஆகும், பிறகு தெருவைப் பொருத்திப் பார்த்தால் ஒன்றும் ஒட்டாது, தலையைப் பிய்த்துக்கொள்வோம். எழுத்து ஏதாவது தெரிந்தால் உடனே தெரிந்துவிடும். எழுத்து இல்லையென்றால் ஆண்களின் சட்டைப் பையைப் பாருங்கள், இடது மார்பில் இருக்க வேண்டும். புடவைத் தலைப்பும் உதவும். உங்கள் படத்தில் டிராமுக்குப் பக்கத்தில் நிற்பவரின் பை சரியான பக்கம்தான் இருக்கிறது, படம் நேராகத்தான் இருக்கிறது.

தாத்தா மெட்ராஸ் எப்படி வந்தார் என்றால், ரயில்வேக்காரருக்குப் பாஸ் உண்டே. எழும்பூரில் வந்து இறங்கியிருப்பார். பீச் ஸ்டேஷனுக்கு எலக்ட்ரிக் ரயில் பிடித்தால் அங்கிருந்து நடக்கிற தூரம்தான்.

மாயவரத்துப் பேத்தி:

எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. நேற்று ராத்திரி பெரியப்பாவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன்.

பொன்மலை என்றதும் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் சொன்னார், அவருக்கு மூன்று வயது வரை திருச்சியில்தான் இருந்தார்களாம், வீட்டுக்குப் பின்னால் சங்கு ஊதும் சத்தம் கேட்டது மட்டும் ஞாபகம் இருக்கிறதாம். ஃபேக்டரிச் சங்கா, ரயில் சங்கா என்று தெரியாதாம். தாத்தா வேலையை விட்டுவிட்டு மாயவரம் வந்தது ஏன் என்று கேட்டேன். அது அவருக்கும் தெரியவில்லை.

முடியிறக்கியது சமயபுரத்தில்தான். எங்கள் வீட்டில் எல்லாக் குழந்தைகளுக்கும் முதல் முடி அங்கேதான், எனக்கும் அங்கேதான். உத்திர வீதி சார், நீங்கள் அதை எழுதியபோது நான் இதைச் சொல்லவே இல்லையே!

பின்பக்கங்களை எல்லாம் ஸ்கேன் செய்து போட்டிருக்கிறேன். வைகைக்கரை அண்ணா சொன்ன மாதிரி டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பார்த்ததில், ஆற்றுப் படத்தின் பின்னால் பென்சிலில் ஏதோ எழுதி அழித்த தடம் இருக்கிறது. "மணி" என்று முதல் இரண்டு எழுத்து போல இருக்கிறது, மீதி படிக்க முடியவில்லை. தாத்தாவின் பெயர் அது இல்லை. படம் எடுத்தவரின் பெயராக இருக்குமோ?

குரூப் போட்டோவைத் தனியாகப் பெரிய அளவில் ஏற்றிவிட்டேன், பொன்மலைக்காரன் அண்ணா. தாத்தா இரண்டாவது வரிசையில் இடமிருந்து நான்காவது. அவருக்குப் பக்கத்தில் கைகட்டி நிற்பவர்தான் ஆற்றுப் படத்தில் தூரத்தில் மணலில் உட்கார்ந்திருப்பவர் என்று எனக்குத் தோன்றுகிறது. காதில் கடுக்கன், இரண்டு படத்திலும் ஒரே மாதிரி வகிடு. பெரியவர்களிடம் காட்டும்போது அவரையும் கேளுங்கள்.

பொன்மலைக்காரன்:

பார்த்தேன், அதே ஆள்தான் என்று எனக்கும் படுகிறது. ஞாயிற்றுக்கிழமை பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு போகிறேன். பெரியவர் ஒருவருக்குக் கண் சரியாகத் தெரியாது, அதனால் ஒவ்வொரு முகத்தையும் தனித்தனியாகப் பெரிதாக்கிக் கொண்டுபோகிறேன். முதலில் "மணி" என்று நான் சொல்ல மாட்டேன். அவர் வாயிலிருந்து வருகிறதா பார்ப்போம்.